பட்டாளத்து லாரி தோட்டத்துக்கு வந்தால்



தேங்காய் ஏற்ற, சாண எரு கொண்டுவர, சந்தைக்குக் காய் கொண்டுபோக என்று வாடகை வண்டிக்கே பணம் கொடுத்துச் சலித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பழைய பட்டாளத்து டீசல் லாரி ஒன்று விலைக்கு வருகிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். கெட்டியான இரும்பு, நாலு சக்கரமும் இழுக்கும், கம்ப்யூட்டர் கிடையாது. 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிற அமராவதி நகர்ப் பக்கம் பட்டாளத்து வண்டிக்குத் தனி மரியாதையும் உண்டு. நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு சக்திமான் லாரி வைத்திருக்கிறோம். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடம் உரிமம் பெற்று ஜபல்பூரில் 1959 முதல் 1996 வரை செய்த வண்டி இது. பிறகு ஸ்டாலியன் லாரி அந்த இடத்துக்கு வந்தது. அப்படியானால் கடைசியாக வந்த சக்திமானுக்கே வயது சுமார் முப்பது.

"பட்டாளத்துல அத்தனை வருசம் உழைச்ச வண்டி, நமக்கு உழைக்காதுங்களா?" என்று கேட்பார்கள். உழைக்கும்தான். ஆனால் அங்கே அதற்குப் பின்னால் 1943-ல் தொடங்கிய இ.எம்.இ. என்ற பராமரிப்புப் படைப்பிரிவே இருந்தது. கெட்டாலும் கெடாவிட்டாலும் தேதி வைத்துப் பார்ப்பார்கள். நாம் லாரியை மட்டும்தான் வாங்குகிறோம், அந்தப் பணிமனையை வாங்கவில்லை. தினமும் ஓட்ட வேண்டுமானால் அந்தப் பணிமனையின் வேலையை நாமே சிறிய அளவில் செய்தாக வேண்டும்.

முதலில் காகிதம். வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்லவில்லை. காகிதம் சரியில்லாத வண்டி இரும்பு விலைக்குத்தான் போகும். ராணுவ ஏலத்தில் விற்ற ஆதாரம், ஆர்.டி.ஓ. பதிவு, சேசிஸ் எண், என்ஜின் எண் நான்கும் பொருந்த வேண்டும். என்ஜின் மாற்றியிருந்தால் அது பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்கு பர்மிட், 7,500 கிலோவைத் தாண்டினால் ஓட்டுபவருக்குக் கனரக உரிமம், பழைய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி., காப்பீடு. ராணுவப் பச்சை நிறம் ராணுவ வண்டிக்கு மட்டும்தான் என்பது சட்டம். வேறு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அடுத்து பிரேக். எங்கள் மெக்கானிக் முதல் நாளே சொன்னார்: "சார், ஓடறது பெருசில்லீங்க. நிக்கறதுதானுங்க பெருசு." ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர் எல்லாம் ஓடாமல் நின்றாலும் கெடும். பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டே பாரம் ஏற்றுங்கள். டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் இருக்கும், ஆனால் பக்கச் சுவர் வெடித்திருக்கும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வளையம் போட்ட ரிம் என்றால் காற்று அடிக்கும்போது எதிரில் நிற்காதீர்கள். வளையம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது டீசல். நின்ற வண்டியின் டேங்கில் துருவும் தண்ணீரும் வண்டலும் இருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. நம்மவர்கள் சிலர் புங்கன் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனாலும் ஆட்டிய எண்ணெய் கெட்டி. நாளாக நாளாக இன்ஜெக்டர் முனையில் கரி அடைக்கும். அதைப் பயோடீசலாக மாற்றி ஊற்றினாலும் பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். குழாய்களை மாற்றாமல் அதில் இறங்க வேண்டாம்.

நான்காவது ஓட்டும் முறை. சேற்றிலும் மேட்டிலும் ஊர்ந்து இழுக்கச் செய்த கியர் இது. வேகத்துக்காக கிரவுன் பினியன் மாற்றுபவர்கள் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே பல் கணக்கில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கர இழுவையைப் போட்டதும் பல் உடையும். நாங்கள் மாற்றவில்லை. உடுமலைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே போகிறோம். தார் ரோட்டில் முன்சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும், ஈரத் தோட்டத்தில் மட்டும் போட வேண்டும்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு கணக்கு பாக்கி. உடுமலை போய்வர 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் பன்னிரண்டரை லிட்டர் டீசல். பத்து கூடை கத்தரிக்காய்க்கு இது கட்டாது. தினமும் ஓட வேண்டுமானால் தினமும் பாரம் வேண்டும். அதனால்தான் நாலு தோட்டத்துக் காயும் தேங்காயும் ஒன்றாகப் போகிறது, திரும்பும்போது எரு வருகிறது. தனியாக ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சின்ன சரக்கு வண்டியே போதும்.

வண்டிக்குள் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் எடுத்தாலும் தேதி, கிலோமீட்டர், டீசல், ஆயில் அளவு, கேட்ட சத்தம் வரை எழுத வேண்டும். வேலை இருக்கிறதோ இல்லையோ, மாதக் கடைசி ஞாயிறு நாலு பேரும் வண்டிக்கு அடியில் படுப்போம். எங்கள் பணிமனை அவ்வளவுதான். அதற்கு ஆள் சேர்ந்த பிறகு லாரி பார்க்கப் போங்கள்.