பிரித்தானியப் படைத்துப்பாக்கிகளின் பொறிப்புகளும் சேகரிப்பு மதிப்பும்

முன்னுரை

பழைய படைக்கலங்களைச் சேகரிப்போர் அவற்றின் தோற்றத்தையோ சுடும் திறனையோ மட்டும் கருதி விலை மதிப்பதில்லை. ஒரு துப்பாக்கி எங்கு, எப்போது, எந்த அரசுக்காகச் செய்யப்பட்டது என்பதற்கான சான்று அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அச்சான்று சிதையாதிருத்தலே மதிப்பின் அடிப்படை என்பதைப் பிரித்தானிய ரைஃபிள்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்று வளர்ச்சி

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் .577 அங்குல உள்விட்டம் கொண்டது. மருந்தும் குண்டும் குழல்வாய் வழியே இடப்பட்டன. இதன் தோட்டாத் தாளில் பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்பு தடவப்பட்டிருந்தது என்ற ஐயம் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1866இல் ஸ்னைடர் முறை ஏற்கப்பட்டு, இதே துப்பாக்கிகள் பின்புறம் தோட்டா இடும் வகையில் மாற்றியமைக்கப்பட்டன. 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி 1879ஆம் ஆண்டுச் சூலுப் போரில் பயன்பட்டது.

1888இல் வந்த லீ-மெட்ஃபோர்டு .303 அங்குலத் தோட்டாவையும் தோட்டாப் பெட்டியையும் கொண்டது. கார்டைட் என்னும் புகையற்ற மருந்தின் வெப்பத்தால் அதன் ஆழமற்ற வரிப்பள்ளங்கள் விரைவில் தேய்ந்தன. எனவே ஆழமான ஐந்து வரிப்பள்ளங்களுடன் 1895இல் லீ-என்ஃபீல்டு உருவாயிற்று. அதன் குறுகிய வடிவத்தின் மூன்றாம் மாதிரி 1907இல் ஏற்கப்பட்டது. போர்க்கால உற்பத்தியை விரைவுபடுத்த 1916இல் சில உறுப்புகள் நீக்கப்பட்டன. அம்மாற்றத்தை மாதிரி எண்ணை அடுத்துள்ள உடுக்குறி உணர்த்தும்.

பொறிப்புகளை வாசித்தல்

கல்வெட்டில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் காலத்தை உறுதிசெய்வது போல, குறுகிய லீ-என்ஃபீல்டின் பிடிக்கட்டையை ஒட்டிய உலோகப் பகுதியில் கிரீடம், அரசரின் பெயரெழுத்துகள், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, மாதிரி ஆகியன அமைந்துள்ளன. அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் குறிக்கும். முனையோடு முனை சேர்ந்த இரு அம்புகள், அது படையிலிருந்து விற்கப்பட்டது என்பதற்குச் சான்று. வங்காளத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலையின் விடுதலைக்கு முந்தைய துப்பாக்கிகளில் பேரரசர் ஜார்ஜைச் சுட்டும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்துகள் உள்ளன. பின்னாளில் கிரீடத்தின் இடத்தை அசோகச் சிங்கங்கள் பெற்றன.

மதிப்பை நிறுவும் கூறுகள்

முதலாவது, எண் பொருத்தம். குழல், தாழ்ப்பாள் முதலியவற்றின் வரிசை எண்கள் ஒன்றாயின் அவை தொடக்கம் முதல் சேர்ந்திருந்தவை எனக் கொள்ளலாம். நான்காம் எண் ரைஃபிளின் குறிசுடுநர் வடிவத்தில் தொலைநோக்கியின் எண் பிடிக்கட்டையிலும் பொறிக்கப்பட்டது. உரிய தொலைநோக்கியை இழந்த துப்பாக்கியின் மதிப்பு பெரிதும் குறையும்.

இரண்டாவது, மாற்றமின்மை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மலிவாக விற்கப்பட்ட பல ரைஃபிள்கள் வேட்டைக்காக மரப்பகுதி வெட்டப்பட்டுச் சிதைந்தன. மிகையாகத் தேய்த்து மெருகேற்றுவதும் பொறிப்புகளை அழிக்கும்.

மூன்றாவது, சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி தொல்பொருளாகக் கருதப்படுகிறது. ஆகவே 1898, 1899 என்னும் ஆண்டுப் பொறிப்புகளிடையே உள்ள ஓராண்டு வேறுபாடே விற்பனை முறையையும் விலையையும் மாற்றவல்லது.

போலிகள்

கைபர் கணவாய்ப் பகுதியில் தரா ஆதம் கேல் போன்ற ஊர்களின் கொல்லர்கள் பிரித்தானியத் துப்பாக்கிகளைக் கையால் படியெடுத்தனர். ஆங்கில எழுத்தறியாமல் பொறித்தமையால் சில எழுத்துகள் தலைகீழாகவோ இடவலம் மாறியோ உள்ளன. 1901இல் மறைந்த விக்டோரியா அரசியின் பெயரெழுத்துகளோடு பிற்பட்ட ஆண்டு காணப்படுவதும் போலியைக் காட்டிக்கொடுக்கும். எனினும் இவை எல்லைப்புறக் கைவினை வரலாற்றுக்குரிய சான்றுகளாதலால் தம்மளவில் ஆய்வு மதிப்புடையன.

முடிவுரை

சேகரிப்போர் விலை நோக்கில் வளர்த்த வாசிப்பு முறை வரலாற்றாய்வுக்கும் பயன்படுவது. விலையுயர்ந்த துப்பாக்கியே சிறந்த சான்று என்பதில்லை. பழுதுபார்ப்பும் உறுப்பு மாற்றமும் சந்தை விலையைக் குறைத்தாலும் அத்துப்பாக்கியின் பயன்பாட்டு வரலாற்றைக் கூறுகின்றன. எனவே அருங்காட்சியகங்களில் உள்ள படைக்கலங்களைத் துலக்குவதற்கு முன் அவற்றின் பொறிப்புகள் அனைத்தையும் படியெடுத்து ஆவணப்படுத்துதல் இன்றியமையாதது.