சிகிச்சை தொடங்கும் முன்பே கிருமிக்குத் தடை

ஜனவரி வந்தால் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. ரத்தக்குழாய் அழற்சிக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் போகலாமா? மருத்துவர் தடுக்காத வரை போகலாம். மாஸ்க் போட்டு, நெரிசல் இல்லாத வேலைநாளாகப் பார்த்துப் போவது நல்லது. ஆனால், முக்கியமான பாதுகாப்பு, சிகிச்சை தொடங்கும்போதே அமைய வேண்டும்.

வாஸ்குலைட்டிஸ் எனும் இந்த நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குகிறது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளால் அதை அடக்குகிறார்கள். அப்போது கிருமிகளை எதிர்க்கும் பலமும் குறைகிறது. ‘ஆன்கா’ வகை வாஸ்குலைட்டிஸில், முதல் ஆண்டு மரணங்களுக்கு நோயைவிடத் தொற்றே பெரிய காரணம்.

இந்த வகை நோயாளிகள் 704 பேரிடம் நடந்த பெக்சிவாஸ் ஆய்வு 2020-ல் வெளியானது. ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தவர்களுக்கும் பலன் குறையவில்லை. கடுமையான தொற்றுகள் குறைந்தன. ஆகவே மருத்துவர் டோஸைக் குறைத்தால் பயம் வேண்டாம். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் மட்டும் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்துச் சீட்டில் கோ-ட்ரைமாக்சசோல் இருக்கும். தினமும் ஒன்று, அல்லது இரட்டை டோஸ் மாத்திரை வாரத்தில் மூன்று நாள். “காய்ச்சலே இல்லையே, ஆன்டிபயாடிக் எதுக்கு?” என்று அதை விட்டுவிடக் கூடாது. நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் கொடிய நிமோனியாவைத் தடுப்பது அந்த மலிவான மாத்திரைதான். சல்பா அலர்ஜி இருந்தாலோ, மெத்தோட்ரெக்சேட் எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். உடலில் உறங்கும் காசநோய்க் கிருமி, எதிர்ப்பு சக்தி தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் முன்னதாகவே முடியட்டும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ரிட்டுக்சிமாப் அந்த வைரஸைக் கிளப்பிவிடும்.

ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளை, முடிந்தால் ரிட்டுக்சிமாப் தொடங்கச் சில வாரம் முன்பே போட வேண்டும்; பிறகு போட்டால் பலன் குறைவு. சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் ஆகாது.

ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, காய்ச்சல் இல்லாமலே மூச்சு வாங்கினாலோ, பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எடுக்கும் மருந்துகளின் பட்டியலை முதலில் காட்டுங்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.