நெட் இருக்கு, பேஜும் வந்துடுச்சு... ஆனா ஸ்க்ரோல் ஆகலையே, ஏன்?

அமாவாசை இரவு. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் முடிந்து, கூட்டம் சிறப்புப் பேருந்துகளை நோக்கி நகர்கிறது. செஞ்சிக்கு எந்த பஸ், சென்னைக்கு எந்த பஸ் என்று பார்க்க ஒருவர் போனை எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். பேஜ் முழுசா வந்துவிட்டது. விரலால் தள்ளுகிறார், அசையவில்லை. மறுபடி தள்ளினால், ஒரே தாவலில் எங்கேயோ போய் நிற்கிறது.

'கூட்டத்துல சிக்னல் இல்ல', 'போன் பழசாயிடுச்சு' என்பதுதான் உடனே நம் வாயில் வரும். ஆனால், பக்கம் முழுதாகத் திறந்த பிறகும் திரை உறைந்து நிற்கிறது என்றால், பல நேரங்களில் தவறு அந்த இணையதளத்தை எழுதிய விதத்தில் இருக்கிறது.

பிரவுசருக்குள் என்ன நடக்கிறது?

நம்ம ஊர் டவுன் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் விசில் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். பிரவுசரிலும் இப்படி இரண்டு பேர் உண்டு. திரையை நகர்த்தும் 'கம்போசிட்டர்' டிரைவர் மாதிரி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் 'மெயின் த்ரெட்' கண்டக்டர் மாதிரி.

விரல் பட்டதும் 'எனக்குச் சொல்லு' என்று இணையதளம் ஒரு நிரலை வைத்திருக்கும். இதுதான் 'ஈவென்ட் லிசனர்'. போட்டோ ஸ்லைடர், விளம்பரம், நாம் எதுவரை படித்தோம் என்று கணக்கெடுக்கும் கருவி எனப் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. 'பிரிவென்ட் டிஃபால்ட்' என்ற கட்டளை மூலம் ஸ்க்ரோலையே தடுக்கவும் லிசனரால் முடியும். தடுக்குமா, தடுக்காதா என்பது அதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை டிரைவர் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். கண்டக்டரோ கூட்டத்துக்குள் டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறார்!

காத்திருப்பு எவ்வளவு நேரம்?

ஆண்ட்ராய்டு குரோமில் ஸ்க்ரோலைக் காக்க வைக்கும் தொடுதல் நிகழ்வுகளில் 80 சதவீதம், கடைசியில் எதையும் தடுப்பதே இல்லை என்று கூகுள் கண்டறிந்தது. 10 சதவீதம் 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் தந்தன. 1 சதவீத ஸ்க்ரோல்களில் அரை விநாடிக்கு மேல் காத்திருப்பு. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடிதான். அதாவது, 100 மில்லி விநாடி என்றால் 6 பிரேம்கள் காலி.

'பாசிவ்' என்ன செய்கிறது?

2016-ல் குரோம் 51-ல் வந்தது 'பாசிவ் ஈவென்ட் லிசனர்'. லிசனரைச் சேர்க்கும்போதே 'பாசிவ்: ட்ரூ' என்று எழுதினால், 'நான் தடுக்க மாட்டேன், நீங்க போங்க' என முன்கூட்டியே வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். டிரைவர் உடனே வண்டியை எடுத்துவிடுவார். லிசனரும் தன் வேலையைச் செய்யும். வாக்கை மீறித் தடுக்கப் பார்த்தால், பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது.

சர்ச்சை எங்கே வந்தது?

பல இணையதளங்கள் இந்த ஒரு வரியைச் சேர்க்கவில்லை. எனவே 2017-ல் குரோம் 56, பக்கம் முழுவதற்குமான தொடுதல் லிசனர்களைத் தானாகவே பாசிவ் ஆக்கியது. 2019-ல் குரோம் 73, மவுஸ் வீலுக்கும் இதையே செய்தது. ஸ்க்ரோல் வேகமானது. ஆனால், ஸ்க்ரோலைத் தடுத்தே இயங்கிவந்த சில பழைய பக்கங்களில், விரலால் ஒரு பொருளை இழுத்தால் பக்கமும் சேர்ந்து நகர்ந்தது. வாசகருக்கு வசதி, பழைய நிரலை எழுதியவருக்குத் தலைவலி!

டெவலப்பர்கள் என்ன செய்யலாம்?

கணக்கெடுக்க மட்டும் இருக்கும் லிசனர்களை பாசிவ் ஆக்கலாம். மேப், வரைபலகை போல உண்மையிலேயே ஸ்க்ரோலைத் தடுக்க வேண்டிய இடங்களில் சிஎஸ்எஸ்ஸின் 'டச்-ஆக்‌ஷன்' போதுமா என்று பார்க்கலாம். குரோம் டெவ்டூல்ஸின் 'ரெண்டரிங்' பகுதியில், ஸ்க்ரோலை மெதுவாக்கும் இடங்களை நிறமிட்டுக் காட்டும் வசதியும் உண்டு.

பெரிய படங்கள், கனமான நிரல்கள் தரும் சிக்கலை பாசிவ் தீர்க்காது. அது நீக்குவது தேவையில்லாத காத்திருப்பை மட்டும்தான். விலை உயர்ந்த போனில் மெயின் த்ரெட் சீக்கிரம் வேலையை முடித்துவிடுவதால், இந்தத் தாமதம் டெவலப்பரின் கண்ணில் படாமலே போகலாம். அதனால் பேஜை வெளியிடும் முன், குறைந்த விலை போன் ஒன்றிலும் தள்ளிப் பார்ப்பது நல்லது. நடுராத்திரியில் பஸ் தேடுபவர் கையில் பெரும்பாலும் அந்த போன்தான் இருக்கும்.