சொத்து வரி நிலுவை: வரி கட்டாவிட்டால் என்ன நடக்கும்?

வீடு, கடை போன்ற கட்டடங்களின் மீது உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் வரி சொத்து வரி எனப்படும். கிராம ஊராட்சிகளில் இதை வீட்டு வரி என்பர். திண்டுக்கல் மாவட்டம் குஜிலியம்பாறை வட்டத்தில் இரண்டும் நடைமுறையில் உள்ளன. பாளையம் பேரூராட்சியில் வசிப்போர் பேரூராட்சிக்கும், மற்ற கிராமங்களில் வசிப்போர் தத்தம் ஊராட்சிக்கும் வரி செலுத்துகின்றனர்.

வரி கட்டாவிட்டால் வீடே போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. சின்னத் தொகைக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிடுவோரும் உண்டு. இரண்டு எண்ணமும் சரியல்ல. வீடு ஒரே நாளில் பறிபோவதில்லை. ஆனால் நிலுவையும் தானாக மறைவதில்லை.

எந்தச் சட்டம்?

ஊராட்சிகளின் வீட்டு வரி 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி விதிக்கப்படுகிறது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றுக்கு 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும்.

தாமதத்தின் விலை

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கு ஏப்ரல் 30க்குள்ளும், அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்கு அக்டோபர் 31க்குள்ளும் செலுத்தினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். கெடு தாண்டினால் மாதந்தோறும் தனிவட்டி சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று கொள்வோம். தனிவட்டி மாதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகள் கட்டாமல் விட்டால் அசல் 10,000 ரூபாய். முதல் தவணைக்கு 59 மாத வட்டி, அடுத்ததற்கு 53 மாதம், இப்படிக் குறைந்து கடைசித் தவணைக்கு 5 மாதம். மொத்தம் 320 மாத வட்டி, அதாவது 3,200 ரூபாய். காலத்தில் கட்டியிருந்தால் 500 ரூபாய் ஊக்கத்தொகையும் கிடைத்திருக்கும். ஆக, இழப்பு 3,700 ரூபாய்.

வசூல் நடவடிக்கையின் படிகள்

முதலில் கேட்பு அறிவிப்பு வரும். அதில் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் அசையும் பொருள்களை ஜப்தி செய்ய ஆணை பிறப்பிக்கலாம். ஜப்திக்கும் வரம்புகள் உண்டு. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே உடுக்கும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர்க்கருவி, விதை தானியம், பிழைப்புக்கு வேண்டிய மாடு ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. ஏலம் விட்டுப் பாக்கி போக மிஞ்சும் தொகை உரியவருக்கே திரும்ப வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலும் விஷயம் ஜப்தி வரை போவதில்லை. அறிவிப்பு, நேரில் வந்து கேட்பது, குடிநீர் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக எச்சரிப்பது என்ற அளவிலேயே வசூலாகிவிடும்.

நிலுவை யாரைத் தொடரும்?

பலரும் அறியாதது இதுதான். நிலவரிக்கு அடுத்தபடியாக, வீட்டு வரிப் பாக்கி அந்த வீட்டின் மீதே முதல் பொறுப்பாக நிற்கிறது. தந்தை கட்டாமல் விட்டது, பாகம் பிரித்துக்கொள்ளும் பிள்ளைகள் முன் வந்து நிற்கும். விற்றால் வாங்கியவரிடம் போகும். வரிப் புத்தகத்தில் பெயர் மாற்றம், வீட்டுக்கடன் போன்ற வேலைகளுக்குப் போகும்போதுதான் பழைய பாக்கி வெளியே வரும். கரூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் பூட்டிவைத்த வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும். வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு கடைசி வரி ரசீதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதேபோல், வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. வரி கட்டியதால் மட்டும் ஒருவர் வீட்டுக்கு உரிமையாளர் ஆவதில்லை. கட்டாததால் மட்டும் உரிமை அழிவதும் இல்லை.

ஊராட்சித் தேர்தலில் நிற்க விரும்புவோருக்கு இன்னொரு தடை உண்டு. முறையாக அறிவிப்பு கொடுத்தும் கெடு முடிந்தும் முந்தைய ஆண்டு வரையிலான பாக்கியைக் கட்டாதவர் போட்டியிடத் தகுதியற்றவர் ஆவார்.

வரி அதிகம் என்று கருதினால்

கட்டாமல் இருப்பது வழியல்ல. முதலில் உள்ளாட்சி அமைப்புக்கே எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். 2020இல் நடிகர் ரஜினிகாந்த், ஊரடங்கால் தம் ராகவேந்திரா திருமண மண்டபம் மார்ச் 24 முதல் காலியாக இருந்ததைக் காட்டி, சுமார் 6.5 லட்சம் ரூபாய் வரியில் சலுகை கோரிச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். மாநகராட்சிக்கு மனு அனுப்பிச் சில வாரங்களே ஆன நிலையில், பதிலுக்குக் காத்திராமல் வழக்குத் தொடுத்ததை நீதிமன்றம் கண்டித்தது. வழக்கைத் திரும்பப் பெற்று, மறுநாளே வரியைச் செலுத்தினார்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் அடுக்ககக் குடியிருப்பு, வரி, வட்டி, அபராதம் சேர்ந்து சுமார் 15,000 டாலர் பாக்கிக்காகப் பறிக்கப்பட்டது. ஹென்னபின் கவுண்டி நிர்வாகம் அதை 40,000 டாலருக்கு விற்று முழுத் தொகையையும் வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாக்கிக்கு மேற்பட்ட தொகையை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94.

என்ன செய்யலாம்?

பாக்கி இருந்தால் வரி எண்ணைச் சொல்லி எத்தனை ஆண்டு நிலுவை என்பதை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கலாம். பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் இணையவழியிலும் செலுத்த வசதி உள்ளது. எந்த வழியில் கட்டினாலும் ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. அந்த ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைப்பது நல்லது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை அள்ளுதல் ஆகியவற்றுக்கு ஊர் தானே திரட்டும் பணத்தில் முக்கியமானது இந்த வரி. அது நின்றால், ஒவ்வொரு தேவைக்கும் மேலிருந்து வரும் மானியத்தையே ஊர் எதிர்பார்த்து நிற்க நேரும்.