கிணற்றடியிற் கற்கும் உலகப் பாடம்

கல்லூரி விழாக் கொண்டாடும் வேளையிலே பழையன நினைந்து மகிழ்தல் இயல்பு. எம்மை வளர்த்த ஆசிரியர்களையும் நாம் ஓடி விளையாடிய முற்றத்தையும் எண்ணுந்தோறும் உள்ளம் குளிர்கின்றது. ஆயினும், விழா மலரிலே வருங்காலத்தை நோக்கியுஞ் சில சொல்லுதல் எம் கடனாகும். 1945ஆம் ஆண்டிலே இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வறிய மாணவருக்கும் பாடசாலையின் வாயில் திறந்தது. வாயில் திறந்தபின் எழும் வினா, உள்ளே எங்ஙனம் கற்பது என்பதே. விடை தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. வீட்டுக் கிணற்றடிக்குச் சென்றாற் போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையின் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி நிலத்தின்கீழ்த் தங்குகின்றது. கடலிலிருந்து அடியிற் புகுந்துள்ள உவர்நீரின்மேல் அந்நன்னீர் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் கடனீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025 ஆகும். இச்சிறு வேறுபாட்டினின்று பெருவிளைவொன்று பிறக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். அளவின்றி இறைத்தலால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து, அந்நிலையே நீடிக்குமாயின், உவர்நீர் 40 அடி மேலெழுதற்கு இடமுண்டு. பாறையின் இயல்புக்கேற்ப இக்கணக்குச் சிறிது மாறுபடினும், அதன் உண்மை மாறாது. புத்தூரிலுள்ள நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் யாவரும் அறிந்ததே.

இங்கே எம் குறையொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அடர்த்தியின் வரைவிலக்கணத்தை நாமும் மனனஞ் செய்தோம். சோதனையிற் பிழையின்றி எழுதிப் புள்ளியும் பெற்றோம். ஆனால், மாலையில் வீடு சென்று கிணற்றில் நீரள்ளியபோது, காலையிற் படித்த பாடமே அங்குக் கிடக்கின்றதென்று ஒருநாளேனும் எண்ணினோமல்லேம். பாடம் ஏட்டிலும் வாழ்வு வெளியிலுமாகப் பிரிந்து நின்றன. இப்பிரிவை நீக்குவதே நற்கல்வியின் முதற்பணி என்பது எம் கருத்து.

இரண்டாம் எடுத்துக்காட்டும் அதே கிணற்றில் உண்டு. காற்றிலுள்ள நைதரசனைக்கொண்டு அமோனியா ஆக்கும் வழியைப் பிரிட்சு ஏபர் என்னும் செர்மானிய அறிஞர் 1909இற் காட்டினார். 1913இல் அதற்கென ஆலை இயங்கத் தொடங்கியது. அவ்வழி வந்த செயற்கைப் பசளை கோடிக்கணக்கானோரின் பசியைத் தணித்தது. ஆயின், பயிர் உண்ணாத மிகுதி நைத்திரேற்றாக மாறி மண்ணூடே நீரிற் கலக்கின்றது. மலசலக்குழிகளிலிருந்தும் அது கசிகின்றது. வெங்காயமும் மிளகாயும் செறிவாகப் பயிராகும் எம் செம்மண் நிலங்களிலே, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்த கிணறுகள் உண்டென்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகையான நைத்திரேற்று, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும். கிணற்று நீரிலிருந்து இந்நோய் வருதலை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1945ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மாளும், நைத்திரேற்றோ நீங்காது. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். இவ்வொரு செய்தியை ஒரு மாணவன் தன் தாய்க்கு விளக்குவானாயின், அவன் கற்ற இரசாயனம் பயன்பட்டதாகும்.

எனவே, மாணவர் செய்யத்தக்கது யாது? ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்றை ஓராண்டு கவனிப்பாராக. கயிற்றிற் பாரங்கட்டி நீர்மட்டத்தை வாரந்தோறும் அளக்கலாம். உவர்த்தன்மையைச் சிறு கருவியாலும் நைத்திரேற்றைச் சோதனைத் தாளாலும் அறியலாம். மழைக்கு முன்னும் பின்னும் பெற்ற அளவுகளை ஒப்பிட்டு வரைபடமாக்கலாம். இங்குப் பௌதிகமும் இரசாயனமும் புவியியலும் கணிதமும் ஒன்றாகின்றன. எழுந்த ஐயத்துக்கு விடையை ஆசிரியர் உடனே கூறிவிடாது, மாணவரே தேடுமாறு நெறிப்படுத்தல் வேண்டும். சோதனைத்தாள் காட்டுவது அண்ணளவே. ஆதலின் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யுமுன் அயலவரை அச்சுறுத்தலாகாது. இப்பொறுமையும் அறிவியலின் ஒரு பகுதியே.

ஓர் ஊர்க்கிணற்றை அளப்பதால் உலகுக்கு ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். மாலைதீவு போன்ற பவளத் தீவுகளின் மக்களும் கடனீரின்மேல் மிதக்கும் நன்னீரையே தொன்றுதொட்டு நம்பியவர். புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயருமிக்காலத்தில் அவர்தம் இடர் எம் இடரே. 2015ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் 2030ஐ எல்லையாகக் கொண்டு வகுத்த 17 இலக்குகளுள் ஆறாவது, தூய நீரும் சுகாதார வசதியுமாகும். 1995இல் தொடங்கிய ‘குளோப்’ என்னுந் திட்டத்திலே நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் மாணவர் வானிலையையும் நீரையும் அளந்து, அவ்வளவுகளை உலக அறிஞருக்கு வழங்கி வருகின்றனர். உலகப் பிரச்சினை என்பது எங்கோ தொலைவில் இருப்பதன்று; பல ஊர்களின் இடர் ஒன்றுதிரண்டதே அது.

சோதனைகளுக்கு ஆயத்தஞ் செய்யவே காலம் போதாதென ஆசிரியர் கூறுவர். அது பொய்யன்று. ஆயினும், கையால் அளந்து கண்டறிந்தது நெஞ்சில் நிலைக்கும். மீட்டும் மனனஞ் செய்யுங் காலம் மிஞ்சும். வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குதல் இயலாததன்று.

பழைய மாணவராகிய நாம் கட்டடங்களுக்குக் கொடைவழங்கப் பின்னிற்பதில்லை. இவ்விழா ஆண்டிலே சில அளவு கருவிகளையும், அவற்றோடு எம் வளவுக் கிணறுகளையும் மாணவருக்குத் திறந்து கொடுப்போமாக. அடுத்த விழா மலரிலே, இற்றை மாணவர் வரைந்த எம்மூர்க் கிணறுகளின் வரைபடம் இடம்பெறுமாயின், கல்லூரிக்கு அதனினும் பெருஞ்சிறப்பு வேறில்லை. நாம் குடித்து வளர்ந்த நீரை எமக்குப் பின்வருவோரும் அஞ்சாது குடித்தல் வேண்டும். அதற்கு வழிகாணுங் கல்வியே கல்வியாகும்.