மூளையைத் தாக்கும் வைரஸ்கள்: உயிர் பிழைத்தோருக்கு வழி என்ன?

திருவனந்தபுரம்: வைரஸ் நோய் பரவும்போதெல்லாம் எத்தனை பேர் இறந்தனர் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பிழைத்தவர்களின் மூளையும் நரம்பு மண்டலமும் என்னவாயின என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது. நிபா வைரஸைப் பலமுறை எதிர்கொண்ட கேரளம், இக்கேள்வியைத் தேசிய அளவில் எழுப்புவதற்கு எல்லாத் தகுதியும் பெற்ற மாநிலம்.

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் பரவிய நிபா 17 உயிர்களைப் பலி கொண்டது. பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. நோயாளிகளைக் கவனித்துவந்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் ஒருவரும் இறந்தோரில் அடக்கம். அதன்பின் 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அம்மாநிலத்தில் நிபா தலைகாட்டியது. இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசியோ, தனி மருந்தோ இதுவரை இல்லை.

நுழையும் வழிகள்

ரத்தத்தில் உள்ள நச்சுகளும் கிருமிகளும் மூளைக்குள் எளிதில் புகாதவாறு இயற்கையே ஒரு தடுப்பை அமைத்துள்ளது. இத்தடுப்பைக் கடக்க ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு வழி உண்டு. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நிபா, நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கி, ரத்த ஓட்டத்தை அடைத்து, நரம்பணுக்களையும் அழிக்கிறது. காய்ச்சல், தலைவலியுடன் தொடங்கும் நோய், கடுமையான நிலையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நோயாளியை நினைவிழக்கச் செய்துவிடும்.

வெறிநாய்க்கடி வைரஸ், கடிபட்ட இடத்தின் நரம்பு வழியாகவே மெல்ல மெல்ல மூளையை அடைகிறது. போலியோ, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் குறிவைக்கிறது. தட்டம்மை வைரஸோ, அரிதாகச் சிலரின் மூளையில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து, பின்னர் அதனைச் சிதைக்கிறது. வைரஸை எதிர்க்க உடல் நடத்தும் போராட்டமே வீக்கத்தை உண்டாக்கி, மூளைக்கு மேலும் கேடு விளைவிப்பதும் உண்டு.

உயிர் பிழைத்த பின்னும் துயரம் முடிவதில்லை. நிபாவிலிருந்து மீள்வோரில் சுமார் 20 சதவீதம் பேருக்கு வலிப்பு, குணநலன் மாற்றம் போன்ற நரம்பியல் பாதிப்புகள் எஞ்சுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் தணிந்து நெடுநாள் கழித்து மூளை அழற்சி மீண்டும் தோன்றுவதும் உண்டு.

வேலூர் முதல் குட்டநாடு வரை

மூளை அழற்சி தமிழகத்துக்கும் புதிதன்று. கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-ல் வேலூர்ப் பகுதியில்தான் அறியப்பட்டது. 1996-ல் கேரளத்தின் குட்டநாட்டு வயல்வெளிகளில் பரவியது. 2005-ல் கோரக்பூர் உள்ளிட்ட கிழக்கு உத்தரப் பிரதேச மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் குழந்தைகளை, பலி கொண்ட பிறகே, 2006-ல் மத்திய அரசு பெருமளவிலான தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது.

2012-ல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம் ஒரு படி முன்னேற்றம் எனலாம். அஸ்ஸாம், பிகார், தமிழகம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய ஐந்து மாநிலங்களில் 60 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, சிகிச்சையுடன் மறுவாழ்வு வசதிகளையும் ஏற்படுத்த அத்திட்டம் வகை செய்தது. அந்த ஐந்தில் கேரளம் இல்லை.

ஆய்வகமும் அதிகாரமும்

2001-ல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 45 பேரைப் பலி கொண்ட மர்மக் காய்ச்சல், நிபாதான் என்பது பின்னரே தெரியவந்தது. 2018-ல் கேரளம் நோயை விரைந்து அடையாளம் கண்டபோதிலும், கோழிக்கோட்டு மாதிரிகள் மணிப்பாலுக்கும் புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கும் செல்ல வேண்டியிருந்தது. இந்த அனுபவத்தின் பின்னணியில், திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னய்க்கலில் உயர் வைராலஜி நிறுவனத்தை மாநில அரசு 2019-ல் திறந்தது. ஆயினும் 2023 செப்டம்பரில் நோயை உறுதி செய்யும் முடிவு புணேயிலிருந்துதான் வந்தது.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பதோ பொதுப் பட்டியலில் உள்ளது. செலவும் பழியும் மாநிலத்துக்கு, இறுதி முடிவை அறிவிப்பது மத்திய நிறுவனத்துக்கு என்று அப்போது இருந்த ஏற்பாடு, மணிக்கணக்கில் மூளையை அழிக்கும் நோய்க்கு எந்த அளவுக்குப் பொருந்தியது என்பது விவாதிக்கப்பட வேண்டியதாகும்.

பட்டியலில் இல்லாத கட்டம்

மூளைக் காய்ச்சல் குறித்து மத்திய சுகாதாரத் துறை வெளியிடும் மாநில வாரியான பட்டியலில் பாதிக்கப்பட்டோர், இறந்தோர் என்ற கட்டங்கள் உண்டு. நிரந்தர பாதிப்புடன் வாழ்வோருக்கு ஒரு கட்டம் இல்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் பிழைப்போரில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நரம்பியல் அல்லது மனநலக் குறைபாடு நிலைத்துவிடக்கூடும் என்று மதிப்பிடப்படும் நிலையில், இது சிறிய விடுபடுதல் அன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவற்றுள் மூளை அழற்சியின் பின்விளைவு என்று தனி வகை ஏதும் இல்லை. கை, கால் முடங்கினால் ஒரு பிரிவு, அறிவுத்திறன் குன்றினால் வேறு பிரிவு. நினைவாற்றல் சிதறி, குணம் மாறி, அவ்வப்போது வலிப்பு வந்து வேலையை இழந்தவர், எந்தப் பிரிவில் 40 சதவீதத்தை எட்டுவது? அதை எட்டினால்தான் வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு போன்ற சலுகைகள் கிட்டும்.

நரம்பியல், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்குப் புகழ்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் திருவனந்தபுரத்தில்தான் உள்ளது. 1980-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி, அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. ஒரே நகரில் வைரஸை ஆராய ஒரு நிறுவனம், நரம்பைக் காக்க ஒரு நிறுவனம். நிபாவிலும் மூளைக் காய்ச்சலிலும் பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது.

அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பட்டியலில் ஒரு கட்டத்தைச் சேர்க்கும் மனம் இருந்தால் போதும். இறந்தோரின் எண்ணிக்கையைக் கேட்கும் உறுப்பினர்கள், வாழ்வோரின் எண்ணிக்கையையும் அவையில் கேட்கத் தொடங்கினால், அந்தக் கட்டம் தானாகவே நிரம்பும்.