இயங்கத் தொடங்காத மேசைக் கணினி: பழுதறியும் முறை

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாமல், விசிறி சுழலாமல் இருந்தால், அது மின்சாரம் சார்ந்த பழுது எனலாம். விசிறி சுழன்றும் திரையில் எதுவும் தோன்றாதது வேறு வகைப் பழுது. இரண்டையும் முதலில் பிரித்தறிய வேண்டும்.

இப்பழுதினால் வன்தட்டிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம். ஆகவே பதற்றத்தில் வன்தட்டை அழித்துப் புதிதாக நிறுவ ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மின்சாரம் செல்லும் வழி

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. 1995இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். அமைப்பில், கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகைக்குச் செல்லும். பொத்தான் தாய்ப்பலகைக்குக் குறிப்பு கொடுக்கிறது. தாய்ப்பலகை மின்வழங்கியை எழுப்புகிறது. இம்மூன்றில் எது பழுதானாலும் வெளித்தோற்றம் ஒன்றே. குழாயில் நீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து பார்த்து வருவதுபோல, இங்கும் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் முன்

1. அதே பிளக் பாயிண்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகி, மின்சாரம் வருகிறதா எனப் பார்க்கவும்.
2. யு.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்து, கணினியை நேரடியாகச் சுவரில் இணைக்கவும்.
3. மின்கம்பியை மாற்றிப் பார்க்கவும். பல திரைகளின் கம்பியும் இதே வகைதான்.
4. மின்வழங்கியின் பின்புறச் சுவிட்சு கோடுள்ள பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். பழைய மின்வழங்கிகளில் 115, 230 எனத் தெரிவுச் சுவிட்சு இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது 230இல் இருக்க வேண்டும்.

திறந்த பின்

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வைக்கவும்.

1. தாய்ப்பலகையில் உள்ள 24 முனை இணைப்பியையும், செயலிக்கான 4 அல்லது 8 முனை இணைப்பியையும் கழற்றி அழுத்திச் செருகவும். மின்சாரம் கொடுத்ததும் பலகையில் சிறு விளக்கு எரிந்தால், காத்திருப்பு மின்சாரம் வருகிறது எனப் பொருள்.
2. முன்பக்கப் பொத்தானின் இரு கம்பிகளைப் பலகையிலிருந்து நீக்கி, அந்த இரு முனைகளை மட்டும் திருப்புளியால் ஒரு நொடி தொடவும். கணினி இயங்கினால் பழுது பொத்தானில்தான்.
3. மின்கம்பியைப் பிடுங்கி, 24 முனை இணைப்பியைப் பலகையிலிருந்து கழற்றவும். அதன் பச்சைக் கம்பித் துளையையும் ஒரு கறுப்புக் கம்பித் துளையையும் காகிதக் கவ்வியால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுக்கவும். விசிறி சுழன்றால் மின்வழங்கி எழுகிறது. ஆனால் இது முழுச் சான்றன்று. மல்டிமீட்டரில் 12 வோல்ட் இணைப்பு 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் இணைப்பு 4.75 முதல் 5.25 வரையிலும் காட்ட வேண்டும். கம்பிகள் அனைத்தும் கறுப்பாக இருந்தால், இச்சோதனையை ஊகத்தில் செய்யக்கூடாது.
4. மின்வழங்கி நன்றாக இருந்தால், மீண்டும் இணைத்து, வன்தட்டு, கூடுதல் அட்டைகள், யு.எஸ்.பி. கருவிகள் ஆகியவற்றை நீக்கி இயக்கவும். இயங்கினால் ஒவ்வொன்றாகச் சேர்க்கவும்; எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுவே பழுது. பலகைக்கு அடியில் விழுந்த திருகாணியும் குறுக்குச்சுற்றை உண்டாக்கும்.
5. இவற்றுக்குப் பிறகும் அசைவில்லை என்றால், தாய்ப்பலகையை ஐயுறலாம். மேற்புறம் உப்பிய மின்தேக்கிகள் அதற்கு ஓர் அடையாளம்.

எச்சரிக்கை

மின்வழங்கியின் உறையை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதிலுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தானது.

பழுதுபார்ப்பவரிடம் செல்லும்போது, செய்த சோதனைகளையும் கண்ட விளைவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. சில நூறு ரூபாயில் முடியும் கம்பிப் பழுதுக்குத் தாய்ப்பலகையையே மாற்றும் வீண்செலவை அது தவிர்க்க உதவும்.